நாற்காலிகளுக்கு ஆங்கில முகாம்

குளிர்கால ஆங்கில முகாமுக்கு ஒரு குழந்தைகூடப் பெயர் கொடுக்கவில்லை என்ற செய்தி தெம்பேகாவின் வயிற்றில் பால் வார்த்தது. எந்த ஆசிரியையும் வெளியில் சொல்லி மகிழக்கூடிய செய்தி அல்ல. ஆனால் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை நொக்வாசிக்குக் கல்யாணம் வைத்திருந்த வாரமும், சோல்கோல் தொடக்கப் பள்ளியில் வைத்திருந்த இரண்டு வார முகாமின் கடைசி வாரமும் ஒன்றாக இருந்தன. விடுமுறை நாட்களில், அதுவும் வகுப்பு எதுவும் இல்லாத நாட்களில் மட்டும்தான் அவள் ஊருக்குப் போகலாம் என்று ஒப்பந்தம் சொல்லியது. பிள்ளைகள் இல்லையென்றால் முகாம் இல்லை, முகாம் இல்லையென்றால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் விமானம். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்ததால்தான் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

கொரியாவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் தெம்பேகா எல்லாவற்றுக்கும் பழகியிருந்தாள். சூடான தரையில் படுத்து உறங்கினாள். பேசும் மின்சாரச் சோற்றுப் பானையோடு பதிலுக்குப் பேசினாள். மீன் முள்ளை எந்தக் குப்பையில் போடுவது, முட்டை ஓட்டை எந்தக் குப்பையில் போடுவது என்று மாடிவீட்டுக்காரியே அவளிடம் வந்து கேட்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். பள்ளி வாசலில் பூட்ஸைக் கழற்றிக் காலணி அலமாரியில் வைத்துவிட்டுப் பச்சை ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்வதும், மேலதிகாரி எழும்வரை நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதும் அவளுக்குக் கைவந்துவிட்டன. பழகாமல் மிச்சம் இருந்தது தலைமை ஆசிரியர் மேங் ஒருவர்தான்.

பள்ளியில் மொத்தம் பதினோரு குழந்தைகள். மலையடிவாரக் கிராமம், இளவட்டங்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்ட ஊர். குளிர்கால விடுமுறை விட்டால் இந்தப் பதினோரு பேரையும் நகரத்து அத்தைகளும் மாமாக்களும் ட்யூஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ட்யூஷனில் சொல்லிக் கொடுப்பதும் ஆங்கிலம்தான்.

தெம்பேகா தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனாள். கூடவே ஓக் டீச்சரும் போனாள். தெம்பேகாவின் கொரிய மொழி சந்தைக்கும் சாப்பாட்டுக்கும் போதும், மேங்கின் கொரிய மொழிக்குப் போதாது. அதை மொழிபெயர்ப்பதற்கென்றே கூடவே வகுப்பில் நிற்பவள் ஓக் டீச்சர். நாற்பது வயது, பெரிய கண்ணாடி, எதற்கும் அதிராத முகம். பதினாறு வருடங்களாக அதே பள்ளியில் இருந்தால் அப்படி ஒரு முகம் தானாகவே அமைந்துவிடும்.

தெம்பேகா கேட்டதைக் கேட்டதும் மேங் நெடுநேரம் பேசினார். நாட்டின் எதிர்காலம், உலகமயம், தன் மூட்டுவலி எல்லாம் அதில் வந்தன. ஓக் டீச்சர் கடைசிவரை கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"முடியாதாம்."

"பிள்ளைங்களே இல்லையே, ஓக் டீச்சர்? யாருக்கு நடத்தறது?"

இந்தக் கேள்வி மேங்கின் முகத்தில் உண்மையான வியப்பை உண்டாக்கியது. மாடு எதற்கு, பால் பாக்கெட்டில்தானே வருகிறது என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"பிள்ளைங்க வரலைங்கறது பிள்ளைங்க பக்கத்து விஷயம்மா. முகாம் நடக்கறது பள்ளிக்கூடத்துப் பக்கத்து விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது," என்றவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "பேனர் வந்துடுச்சு, பாருங்க."

வெளியே பள்ளி வாசலுக்கு மேலே, பனிக்காற்றில் விறைத்துக்கொண்டு பேனர் தொங்கியது. 'உலகை நோக்கிப் பாயும் சோல்கோல் சிறுவர் ஆங்கில முகாம்.' கீழே தேதிகள். சோல்கோலில் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. பேனர் கட்டிவிட்டால், நடக்காமலும் இருக்க முடியாது. தெம்பேகா அதன் அடியில் நின்று தங்கைக்குப் போன் செய்தாள்.

அம்மா போன பிறகு நொக்வாசிக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள் தெம்பேகா. கல்யாணத்தில் மணமகள் பக்கத்துப் பெண்கள் ஒரு வரிசை, மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் ஒரு வரிசை என்று எதிரெதிரே நின்று, பாடி ஆடி ஒருவரையொருவர் மண்ணைக் கவ்வ வைப்பது அவர்கள் வழக்கம். மணமகள் வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டியவள் அக்கா.

"நீ வரலேன்னா யாரு முன்னால நிக்கறது? பெரியம்மாவா? அவங்க இடுப்பைத் திருப்பினா மறுபடி நேராக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்," என்றாள் நொக்வாசி. "மாப்பிள்ளையோட அக்காவைப் பார்த்திருக்கியா? மூணு மாசமா ஆடிப் பழகறாளாம். எங்களை மிதிச்சிட்டுப் போயிடுவா."

"வரேன்டி," என்றாள் தெம்பேகா. "எப்படின்னு தெரியல. ஆனா வரேன்."

"அப்புறம் அந்தப் போர்வை."

"வாங்கியாச்சு. புலிப்படம் போட்டதுதான்."

மணமகள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போர்வை கொடுக்க வேண்டும். கொரியச் சந்தையில் விற்கும் தடித்த புலிப் போர்வைக்கு ஈடான போர்வை டர்பனில் எங்கும் கிடையாது. காற்றை உறிஞ்சி அப்பளமாக்கிய அந்தப் போர்வைகள் அவள் அறையின் மூலையில் காத்திருந்தன.

முகாம் தொடங்கியது.

முதல் நாள் காலை தொடக்க விழா. பதினோரு காலி நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பயறு ரொட்டி, ஒரு வாழைப்பழப் பால். மேங் கோட்டும் டையுமாக வந்து நாற்காலிகளுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். "என் அன்பு மாணவச் செல்வங்களே," என்று ஆரம்பித்து, ஒழுக்கம் பற்றி வெகுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "இவ்வளவு அமைதியா ஒரு பேச்சைக் கேக்கற பிள்ளைங்களை என் வாழ்நாள்ல பார்த்ததில்லை," என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு எல்லோரும் பேனருக்குக் கீழே நின்று, கை முஷ்டியை உயர்த்தி, கொரிய வழக்கப்படி உற்சாகமாக, "ஃபைட்டிங்" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர்.

ரொட்டிகளைத் திருப்பி அனுப்ப வழியில்லை. தெம்பேகாவும் ஓக் டீச்சரும் அன்றிலிருந்து தினமும் பதினோரு குழந்தைகளின் பசியைத் தாங்க வேண்டியதாயிற்று.

தெம்பேகா ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கதவு திறந்தது. மேங் தலையை நீட்டினார். முகாம் நடக்கிறது, ஆனால் தாழ்வாரத்தில் சத்தம் கேட்கவில்லை என்று ஓக் டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டு போனார். ஆகவே தெம்பேகா எழுந்து நின்று, முன்வரிசை நாற்காலிகளிடம் இது ஆப்பிள் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னாள். இது வாழைப்பழம் என்றும் சொன்னாள். மறுபடி கதவு திறந்தது. டீச்சர் குரல் கேட்கிறது, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் குரல் கேட்கவில்லையே என்பது இந்த முறை குறை.

ஓக் டீச்சர் எழுந்து போய், வகுப்புக் கணினியில் பாடநூலோடு வந்த ஒலிப்பதிவைப் போட்டுவிட்டாள். அதில் ஒரு பெண் குரல் இது ஆப்பிள் என்றது. உடனே முப்பது குழந்தைகள் சேர்ந்து இது ஆப்பிள் என்று கத்தினார்கள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் நின்று கேட்டது. பிறகு திருப்தியாக நகர்ந்தது.

மறுநாள் தீத்தடுப்பு ஒத்திகை. சைரன் ஒலித்ததும் இரண்டு ஆசிரியைகளும் பனியில் போய் நின்றார்கள். கையில் கடிகாரத்தோடு நின்ற மேங், சைரன் ஒலிப்பதற்கு முன்பே எல்லா மாணவர்களும் பாதுகாப்பாக வெளியேறிவிட்டதைக் கண்டு பூரித்துப்போனார். அதற்கடுத்த நாள் மாணவர் கருத்துக்கணிப்பு. முகாம் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் கடுமையாக இருக்கிறார் என்றோ, ரொட்டி ஆறிப்போய்விட்டது என்றோ யாரும் சொல்லவில்லை. திருப்தி நூறு சதவிகிதம். ஒரு விபத்து இல்லை, ஒரு சண்டை இல்லை, ஒரு தாயின் கோபமான தொலைபேசி இல்லை. தாமதமாக வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மேங் இதையெல்லாம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினார். அலுவலகம் அசந்துபோயிற்று. மாவட்டத்தில் வேறு எந்த முகாமிலும் இந்தத் தரம் இல்லை. மற்ற முகாம்களில் எல்லாம் குழந்தைகள் இருந்தார்கள். இரண்டாவது வாரம் புதன்கிழமை, கல்வி அதிகாரி பியோ நேரிலேயே வந்து இந்த முன்மாதிரி முகாமைப் பார்வையிடுவார் என்று பதில் வந்தது. மாலைக்குள் வாசலில் இரண்டாவது பேனர் ஏறியது.

அந்த வாரம் சனிக்கிழமைதான் கல்யாணம். முகாமோ வெள்ளிக்கிழமை வரை. பயணத்துக்கே ஒன்றரை நாள் பிடிக்கும்.

தெம்பேகா கடைசியாக ஒருமுறை மேங்கிடம் போய் நின்றாள். இந்த முறை ஓக் டீச்சர் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவள் கண் கலங்கிவிட்டது. மேங் கல்நெஞ்சக்காரர் அல்ல. எழுந்து வந்து, தானே ஒரு இஞ்சி டீ கலந்து கொடுத்தார்.

"குடும்பம் முக்கியம்தான், டீச்சர். நான் இல்லேங்கல. என் சொந்தக் கல்யாணத்துக்கே நான் மத்தியானத்துக்கு மேலதான் போனேன். காலைல பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா. பேனர் நானே கட்டினது." அவர் பெருமூச்சு விட்டார். "என் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. ஆனா அந்த விழாப் படத்துல நான் நல்லா விழுந்திருக்கேன்."

அனுமதி இல்லாமல் போனால் ஒப்பந்தம் முறியும், விசா போகும். நொக்வாசியைப் படிக்க வைத்ததே இந்தச் சம்பளம்தான். இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. போகாவிட்டால் பெரியம்மாவின் இடுப்பு. தெம்பேகா வகுப்பறைக்குத் திரும்பி, ஒரு மாணவனின் நாற்காலியில் உட்கார்ந்து, அவனுடைய வாழைப்பழப் பாலைக் குடித்தாள்.

ஓக் டீச்சர் கதவைச் சாத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். நான் உள்ள இருக்கேனா இல்லையான்னு தலைமை ஆசிரியர் எப்படித் தெரிஞ்சுக்கறார்?"

தெம்பேகாவுக்குப் புரியவில்லை.

"என்னைப் பார்த்தா? இந்தப் பதினாறு வருஷத்துல அவர் என் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்ல. வாசல் அலமாரியில என் பூட்ஸ் இருக்கான்னு பார்ப்பார். நாற்காலியில என் கோட்டு இருக்கான்னு பார்ப்பார். ரெண்டும் இருந்தா நான் இருக்கேன். முந்தி ஒரு துணைத் தலைமை ஆசிரியர் இருந்தார். ஓய்வு வாங்கிட்டுப் போறப்போ கோட்டை மறந்து வெச்சிட்டுப் போயிட்டார். மூணு மாசம் கழிச்சுத்தான் அவர் போனதே தெரிஞ்சுது. நடுவுல ஒரு தடவை, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கறார்னு அவர் மேல கோவிச்சுக்கவும் செஞ்சாங்க."

"அதிகாரி வராரே?"

"அவரும் இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துல வளர்ந்தவர்தானே," என்றாள் ஓக் டீச்சர். "பிள்ளைங்க இல்லாம முகாம் நடக்குது. நீங்க இல்லாம மட்டும் நின்னுடுமா? அவ்வளவு பெரிய ஆளா நீங்க?"

தெம்பேகா ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக ஓக் டீச்சர் சிரிப்பதைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெம்பேகாவின் முழங்காலைத் தொடும் கறுப்புப் பஞ்சுக் கோட்டு வகுப்பறை நாற்காலியில் அமர்ந்தது. கரும்பலகையைப் பார்த்து, கதவுக்கு முதுகு காட்டி, தன்னோடு தைத்திருந்த தலைமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்தது. அவளுடைய பழுப்பு பூட்ஸ் வாசல் அலமாரியில் ஏறியது. அவளிடம் இருந்தது ஒரே ஜோடி பூட்ஸ்தான். ஆகவே ஓக் டீச்சரின் பழைய ஊதாக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு சோடி காலுறைக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பச்சை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, புலிப் போர்வைகளைச் சுமந்தபடி பனியில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அந்தச் செருப்பில் அச்சிட்டிருந்த பள்ளியின் பெயரைப் படித்தாள். டீச்சரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் பரிதாபமாகத் தலையசைத்து, உள்ளே விட்டாள்.

புதன்கிழமை முழுவதும் தெம்பேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. நொக்வாசியின் வீட்டு முற்றத்தில் சுட்டெரிக்கும் வெயிலில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பேசியைப் பார்த்தபடி உருளைக்கிழங்கை உரித்தாள். தோல் தட்டிலும் கிழங்கு குப்பையிலும் விழுந்தன. போன் ஒருவழியாக அடித்தபோது, வேலை போயிற்று என்று நிச்சயித்துக்கொண்டுதான் எடுத்தாள்.

ஓக் டீச்சர் வழக்கம்போலத் தட்டையான குரலில் ஆரம்பித்தாள். அதிகாரி பியோ காலையில் வந்தாராம். வாசலில் குனிந்து தன் காலணியை வைக்கும்போதே பக்கத்தில் பழுப்பு பூட்ஸைப் பார்த்து, ஓ, வெளிநாட்டு டீச்சர் வந்தாயிற்றா என்றாராம். வகுப்புக்குள் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. முப்பது குழந்தைகள் தங்களுக்கு ஆப்பிள் பிடிக்கும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதிகாரியும் மேங்கும் பின்சுவர் ஓரமாக நின்றார்கள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு மேங் சார் கோட்டைப் பார்த்தார்," என்றாள் ஓக் டீச்சர்.

"கண்டுபிடிச்சிட்டாரா?"

"கண்டுபிடிச்சிட்டார். முகம் முள்ளங்கி மாதிரி வெளுத்துப்போச்சு. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பேனரைப் பார்த்தேன். அவரும் பேனரைப் பார்த்தார். டீச்சர் இல்லேன்னு சொன்னா முகாம் இல்லேன்னு ஆயிடும். முகாம் இல்லேன்னா பதினோரு பிள்ளைங்க எங்கேன்னு கேள்வி வரும். வாயை மூடிக்கிட்டார்."

"அதிகாரி?"

"அவரும் கண்டுபிடிச்சிட்டார்னுதான் நினைக்கறேன். கிட்டப் போயி, குனிஞ்சு, தலைமூடிக்குள்ள பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஆனா அவர் அறிக்கையைப் போன வாரமே எழுதி மேலே அனுப்பிட்டாராம். மேலே கையெழுத்தும் ஆயிடுச்சாம்."

ஆகவே அதிகாரி பியோ நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உரையாற்றினார். அதை ஓக் டீச்சர் பதிவு செய்து வைத்திருந்தாள். தொலைபேசியிலேயே போட்டுக் காட்டினாள்.

"முப்பது வருஷமா நான் பள்ளிக்கூடம் பார்க்கறேன். எல்லா இடத்துலயும் ஒரே வியாதி. டீச்சர் பேசறாங்க, பேசறாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. பிள்ளைங்களுக்கு இடமே இல்ல. இன்னிக்கு இங்கேதான் முதல் தடவையா, கொஞ்சம்கூடக் குறுக்கிடாத ஒரு டீச்சரைப் பார்த்தேன். பிள்ளைங்களும் எந்த வெளி உதவியும் இல்லாம அவங்களே படிச்சுக்கறாங்க. இதுக்குப் பேர்தான் மாணவர் மையக் கல்வி. அலுவலகம் எதிர்பார்க்கற பள்ளிக்கூடம் இதுதான். சொல்லப்போனா, அலுவலகமே இப்படித்தான் நடக்குது."

கைதட்டல் கேட்டது. இரண்டு பேர் தட்டிய கைதட்டல். பிறகு ஒரு பாராட்டுச் சான்றிதழை அதிகாரி கோட்டின் கையில் செருகினாராம். தோளில் தட்டி, அதிகம் பேசாதது நல்ல பழக்கம் என்றாராம். பேனருக்குக் கீழே படம் எடுக்கும்போது மேங் கோட்டை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார். எல்லோரும் முஷ்டி உயர்த்தினார்கள். கோட்டின் கையை ஓக் டீச்சர் பின்னாலிருந்து உயர்த்திப் பிடித்தாள்.

"அப்போ என் வேலை?"

"அடுத்த வருஷத்துக்கும் நீட்டிச்சாச்சு," என்றாள் ஓக் டீச்சர். "படத்தை அனுப்பறேன். நீங்க நல்லா விழுந்திருக்கீங்க."

சனிக்கிழமை மணமகள் வரிசைக்கு முன்னால் தெம்பேகா நின்றாள். எதிரே மாப்பிள்ளையின் அக்கா, மூன்று மாதப் பயிற்சியும் முழங்கால் சலங்கையுமாக. பாட்டு ஏறியது. ஒரு வாரம் நாற்காலிகளோடு பேசி அடக்கி வைத்திருந்ததெல்லாம் தெம்பேகாவின் இடுப்பில் வந்து இறங்கியது. காலில் பூட்ஸ் இல்லை, சலங்கை இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் பச்சை ரப்பர் செருப்பு தரையில் பளீர் பளீர் என்று அறைந்தது. அப்படி ஒரு தாளத்தை அந்த ஊர் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அக்கா இரண்டு சுற்றுத் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தச் செருப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அந்த வெயிலிலும் புலிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொன்னவர்களை முறைத்தாள்.

தெம்பேகா சோல்கோலுக்குத் திரும்பியபோது அவளுடைய கோட்டு இன்னும் வேலையில்தான் இருந்தது. தாழ்வாரத்தில் மேங் எதிரே வந்தார். வெயிலில் கறுத்திருந்த அவள் முகத்தையும், ஊதாக் கோட்டையும், தேய்ந்த செருப்பையும் பார்த்தார். முதல்முறையாக அவர் ஒருவருடைய முகத்தைப் பார்த்ததாலோ என்னவோ, கொஞ்சம் கூச்சப்பட்டார். "முகாம்ல ரொம்ப உழைச்சிட்டீங்க, டீச்சர்," என்று குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார்.

மார்ச் மாதம் பள்ளி திறந்தது. காலையில் வாசல் கதவை இடித்துக்கொண்டு பதினோரு குழந்தைகளும் உள்ளே பாய்ந்தார்கள். காலணிகள் அலமாரியைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் விழுந்தன. ஒருத்தி அழுதாள், ஒருவன் கடித்தான், இரண்டு பேர் ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். தெம்பேகா இது ஆப்பிள் என்றதும், ஒருவன் எழுந்து, இல்லை டீச்சர், அது பேரிக்காய் என்றான். படம் சரியில்லாத பழைய அட்டை. அவன் சொன்னது சரிதான். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கதவோரம் மேங் நின்றிருந்தார். சுவரில் மாட்டிய முகாம் படத்தை ஒருமுறை பார்த்தார். அந்த அமைதியான கறுப்புக் கோட்டையும் அதன் உயர்ந்த கையையும் ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு ஓக் டீச்சர் பக்கம் குனிந்து, பிள்ளைகள் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இவங்க தினமும் வருவாங்களா?"